கேப்சூலா, குட்டி பாட்டிலா, மோரா, டெஸ்டா? குடலுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஓர் ஒப்பீடு

"டாக்டர் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கை முடித்துவிட்டேன். வயிறு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. பார்மசியில் புரோபயாடிக் கேப்சூல் எடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா யாகுல்ட் குடி என்கிறார். அம்மா மோரே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் என்று கோலாலம்பூரின் எந்த மூலையிலிருந்து வாசகர்கள் எழுதினாலும் கேள்வி பெரும்பாலும் இதுதான். அண்மையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "மலத்தைக் கொஞ்சம் எடுத்து அனுப்பினால், குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பட்டியல் போட்டுத் தருகிறார்களாம். அதைச் செய்து பார்த்துவிடலாமா?"

புரோபயாடிக் என்பது நன்மை செய்யும் என்று உயிரோடு விழுங்கும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட். கேப்சூல், பாட்டில், மோர், டெஸ்ட் நான்கும் ஒரே வேலையைச் செய்வதுபோல விளம்பரங்கள் பேசுகின்றன. ஒவ்வொன்றின் வேலையும் வேறு, ஆதாரமும் வேறு, கையைக் கடிக்கும் விதமும் வேறு. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளில் முதல் வெள்ளி (ரிங்கிட்) பசாருக்குத்தான் போக வேண்டும், பார்மசிக்கு அல்ல. ஆனால் கேப்சூல்தான் சரி என்று நானே சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவை எவை என்பதுதான் இந்தக் கட்டுரை.

## குடலுக்குள் நடப்பது என்ன

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. உடலின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அதாவது ஏறக்குறைய சரிக்குச் சரி. "மனிதச் செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா" என்று இன்னும் சில பெட்டிகளில் அச்சடித்திருப்பது பழைய கணக்கு.

இவற்றில் ஏறக்குறைய எல்லாமே பெருங்குடலில்தான் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து அங்கே போய்ச் சேர்ந்ததும், அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவதிலும், வெளியிலிருந்து வரும் கிருமிக்கு இடம் கொடுக்காமல் இருப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

குடல் பாக்டீரியாவை உடல் பருமன், நீரிழிவு, குடல் அழற்சி, மனச்சோர்வு என்று பலவற்றோடு இணைக்கும் ஆராய்ச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஆய்வில், குண்டு எலியின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குள் செலுத்தினார்கள். அந்த எலிக்குக் கொழுப்பு கூடியது. உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஆய்வு அது. ஆனால் எலியில் கண்டது மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை. நோயாளியின் குடலில் ஒரு பாக்டீரியா குறைவாக இருப்பது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, அவர் சாப்பிடும் மருந்தின் விளைவா என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல.

## எதை வைத்து அளப்பது

கடைக்குப் போகும் முன் ஐந்து கேள்விகள்.

முதலாவது, இந்தக் குறிப்பிட்ட பாக்டீரியா ரகம், எனக்கிருக்கும் இந்தக் கோளாறுக்கு, மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறதா? "குடலுக்கு நல்லது" என்ற வாசகம் இதற்குப் பதிலாகாது.

இரண்டாவது, வாய்க்குள் போகும்போது உயிரோடு இருக்குமா? மதியம் 33 டிகிரி தொடும் ஊரில், வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்த பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம்.

மூன்றாவது, மாதச் செலவு எவ்வளவு? நிறுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலான புரோபயாடிக்குகள் குடலில் குடியேறுவதில்லை. வந்துபோகும் விருந்தாளிதான். நிறுத்திய சில நாளிலோ சில வாரத்திலோ காணாமல் போய்விடும். அதனால் ஒரு பெட்டியின் விலையைப் பார்க்காமல் ஓராண்டுச் செலவைப் பாருங்கள்.

நான்காவது, வீட்டில் யாருக்காவது இது ஆபத்தாகுமா?

ஐந்தாவதைத்தான் நான் கனமாக நினைக்கிறேன்: இதை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே உண்மையான நோயைத் தள்ளிப்போடுகிறோமா?

## கேப்சூல்

நல்ல ஆதாரமும் மோசமான விற்பனையும் ஒன்றாகக் கலந்து கிடப்பது இங்கேதான்.

முதலில் நல்லது. ஆண்டிபயாட்டிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி 33 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2019-இல் காக்ரேன் ஆய்வறிக்கை வெளியானது. 6,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். புரோபயாடிக் எடுத்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எடுக்காதவர்களில் 19 விழுக்காடு. லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற இரண்டும், நாளுக்கு 500 கோடி உயிரிகளுக்குக் குறையாத அளவில், பொருத்தமானவை என்று அந்த அறிக்கை சொன்னது. 500 கோடி என்றால் பெட்டியில் 5 பில்லியன் என்று போட்டிருப்பார்கள்.

பௌலார்டிக்கு நம் வட்டாரத்துக் கதை ஒன்று உண்டு. 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, லைச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் காய்ச்சிக் குடித்த மக்களைக் கவனித்த ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர், அந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் அது. பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் என்பதால் ஆண்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. மற்றவற்றை ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது மறுபக்கம். அதே ராம்னோசஸ் ஜிஜி ரகத்தை, சாதாரண வயிற்றுப்போக்கோடு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 971 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவு: ஒப்பிடக் கொடுத்த வெற்று மருந்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு வெளியான கனடா ஆய்வு, வேறு இரு ரகங்களின் கலவையைச் சோதித்து அதே முடிவுக்கு வந்தது. ஆண்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க உதவுகிற ரகம், தொற்றால் வந்த வயிற்றுப்போக்கை நிறுத்த உதவவில்லை. ரகத்தையும் கோளாறையும் சேர்த்தே பார்க்கச் சொல்வது இதனால்தான். வயதானவர்களிடமும் ஏமாற்றம்தான்: பிரிட்டனில் மருத்துவமனையில் ஆண்டிபயாட்டிக் எடுத்த ஏறக்குறைய 3,000 முதியோரிடம் நடந்து 2013-இல் வெளியான பெரிய சோதனையில், புரோபயாடிக் கலவை வயிற்றுப்போக்கைக் குறைக்கவில்லை.

ஆண்டிபயாட்டிக் முடிந்த பிறகு "குடலை மீட்க" மாதக்கணக்கில் சாப்பிடுவது பற்றி எனக்கு இன்னும் தயக்கம் அதிகம். இஸ்ரேலின் வைஸ்மன் கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டிபயாட்டிக் எடுத்த ஆரோக்கியமானவர்களில் ஒரு பிரிவினருக்கு 11 ரகங்கள் கலந்த புரோபயாடிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றும் எடுக்காதவர்களின் குடல் சில வாரங்களில் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்குத்தான் தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஒரே ஒரு கலவைதான். ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்று மாதப் பொட்டலம் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கமும், எரிச்சல் குடல் நோய்க்கு ஆய்வுச் சோதனைக்கு வெளியே புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை.

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் எழுத்தோ எண்ணோ இருக்கிறதா? "ஜிஜி" மாதிரி. வெறும் "லாக்டோபாசிலஸ்" என்று மட்டும் இருந்தால் எந்த ரகம் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. பில்லியன் எண்ணிக்கை தயாரித்த நாளில் இருந்ததா, காலாவதி நாள்வரை உறுதியா என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. கேப்சூலாகவும் மாத்திரையாகவும் வருகிற உடல்நலத் துணைப்பொருள்கள் மலேசியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-வில் பதிவாக வேண்டும். 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'என்' எழுத்தில் முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் எங்கிருந்தோ வரும் மலிவுப் பெட்டிகளில் இது பல நேரம் இருக்காது. எண் இருந்தால் பொருள் பதிவானது என்று அர்த்தம். உங்கள் கோளாறை அது குணப்படுத்தும் என்று அர்த்தமில்லை.

நம்மில் பலர் கவனிக்காதது கேப்சூலின் மேலுறை. ஹலால் முத்திரையுள்ள ஜெலட்டின் பல நேரம் மாட்டிலிருந்து வருவது. மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளிலும் சைவ வீடுகளிலும் தெரியாமலே இதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தாவர உறை என்று போட்டிருப்பதையோ சாஷே பொடியையோ கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. பார்மசிஸ்ட் எடுத்துத் தருவார்.

விலை? மாதத்துக்கு நூறு வெள்ளியைத் தாண்டும் பெட்டிகள் சாதாரணம். ஒரு வாரம் ஆண்டிபயாட்டிக் எடுக்கும் குழந்தைக்கு அந்தச் செலவு நியாயம். ஆண்டு முழுக்க எடுத்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமலில்லை. 2008-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கடுமையான கணைய அழற்சி நோயாளிகளில் புரோபயாடிக் பெற்றவர்கள் 16 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 விழுக்காடு. குறைமாதக் குழந்தைகள் பற்றி 2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. கீமோதெரபியில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், பெரிய ரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பௌலார்டி ஈஸ்ட் ரத்தத்தில் புகுந்து தொற்றான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

## குட்டி பாட்டில் பானங்கள்

யாகுல்டின் ரகத்தை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்தார். பானம் 1935-இல் விற்பனைக்கு வந்தது. வைட்டஜென் 1970-களிலிருந்தே நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வளர்ந்த மலேசியப் பானம். குளிர்ப்பெட்டியில் வைத்தே விற்பதால் பாக்டீரியா உயிரோடு வந்து சேரும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இந்த ஓர் அளவுகோலில் காரில் வெந்த கேப்சூலைவிட இது மேல்.

இடிக்கும் இடம் சர்க்கரை. 2019 ஜூலை முதல் மலேசியாவில் சர்க்கரைப் பானங்களுக்குக் கலால் வரி உண்டு. பால் சார்ந்த பானமென்றால் 100 மில்லிக்கு 7 கிராமைத் தாண்டினால் வரி. அந்த எல்லையிலேயே இருக்கும் 125 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஒன்பது கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூன். ஒரு பாட்டில் பெரிய விஷயமில்லை. பிள்ளைகள் அடுத்தடுத்து மூன்று பாட்டில் உறிஞ்சும் வீடுகளில் அது விஷயம். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கு "வயிற்றுக்கு நல்லது" என்று தினமும் இனிப்புப் பானம் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சர்க்கரை ரகங்கள் இருக்கின்றன, எண்ணைப் பார்த்து எடுங்கள்.

யாருக்கு ஏற்றது? தயிரைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு. வீட்டில் தயிர் தோய்க்க நேரமில்லாதவர்களுக்கு. அதற்கு மேல் இதிலிருந்து மருத்துவப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

## தயிர், மோர், பழைய சோறு, சுண்டல்

இங்கே இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உயிருள்ள பாக்டீரியாவைச் சாப்பிடுவது. மற்றது, ஏற்கனவே குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவது. இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

முதலாவதைப் பற்றி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 36 பேரை இரண்டாகப் பிரித்துப் பத்து வாரம் சோதித்தார்கள். நொதித்த உணவு சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரியானவைதான். ஆனால் அவர்கள் நாளுக்கு ஆறு பரிமாறல்வரை போனார்கள். சாப்பாட்டின் கடைசியில் ஒரு கரண்டி மோர் ஊற்றிக்கொள்வது அந்த அளவுக்கு வராது.

எது உயிரோடு இருக்கிறது என்பதில்தான் குழப்பம். இட்லி, தோசை மாவில் பாக்டீரியா துள்ளிக்கொண்டிருக்கும். ஆவியிலும் கல்லிலும் செத்துவிடும். மோர்க்குழம்பு கொதித்தால் அதுவும் போச்சு. டெம்பே நொதித்ததுதான், பொரித்த பிறகு உயிர் இல்லை, நார்ச்சத்தும் புரதமும் இருக்கும். எண்ணெயும் உப்புமாக நாம் போடும் ஊறுகாயையும், வினிகரில் ஊறும் அச்சாரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உயிரோடு வருபவை: வீட்டில் தோய்த்த தயிர், அதைக் கடைந்த மோர், குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் கிம்ச்சி. கடைத் தயிரென்றால், நொதித்த பிறகு மறுபடி சூடுபடுத்தியதா என்று டப்பாவில் பாருங்கள். தயிர்சாதத்துக்குச் சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தயிரைச் சேர்த்தால் போதும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பல நேரம் ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள பாக்டீரியா லாக்டோஸை உடைக்க உதவுகிறது. புரோபயாடிக் பற்றிய உடல்நல வாசகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரித்த ஐரோப்பிய ஒன்றியம்கூட இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டது.

பழைய சோறு? இரவு முழுக்க நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பேறுகிறது. நல்ல உணவு. ஆனால் சமைத்த சோற்றில் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியும் வளரும். அது விடும் நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. சுத்தமான பாத்திரம், சோறு முழுகும் அளவுக்குத் தண்ணீர், ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். பிசுபிசுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம். நீரிழிவுக்காரர்களுக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு முக்கியம்.

இனி நார்ச்சத்து. நான்கு தெரிவுகளிலும் ஆதாரம் மிக வலுவாக இருப்பது இதற்குத்தான். 185 நீண்டகால ஆய்வுகளையும் 58 சோதனைகளையும் தொகுத்து 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் 15 முதல் 30 விழுக்காடுவரை குறைவு என்று கண்டது. மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரையும் 20 முதல் 30 கிராம் என்றுதான் சொல்கிறது. நடப்பது வேறு. 2019 சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை.

காலையில் மாமாக் கடை ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் கோழிக் குழம்பும், ராத்திரி மாகி கோரெங் என்று போகும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரை கிராமைத் தொடாது. அதே எடை வெந்த கொண்டைக்கடலையில் ஏழரை கிராம். ஒரு கப் சுண்டலில் ஏறக்குறைய பன்னிரண்டு கிராம் வந்துவிடுகிறது. கொய்யாவில் 100 கிராமுக்கு ஐந்து கிராம். ஆக, மாலையில் ஒரு கப் சுண்டல், ஒரு கொய்யா, மதியம் ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி கீரை. அன்றைய கணக்கு பெருமளவு முடிந்தது. வல்லாரை, பெட்டாய் என்று மலாய்க்காரர்கள் உலாமாக (சோற்றோடு பச்சையாக) சாப்பிடுவதை நம் தட்டுக்கும் கொண்டு வரலாம். கேப்சூல் பெட்டியின் காசுக்கு ஒரு மாதச் சுண்டலும் கொய்யாவும் வந்துவிடும்.

இதற்கும் மறைவான விலை உண்டு. திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும், வாயு தொல்லை கொடுக்கும். சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சிறிது சிறிதாக, சில வாரங்களில் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குப் பருப்பு, வெங்காயம், பூண்டு ஆகியவையே தொல்லையைக் கிளப்பலாம். அவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் (குடலில் எளிதில் நொதிக்கும் சில மாவுச்சத்துகள்) குறைந்த உணவுமுறை இருக்கிறது. அதை டயட்டீஷியன் துணையோடுதான் செய்ய வேண்டும், வாழ்நாள் முழுக்கச் செய்யக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பழத்தையும் கீரையையும் கூட்ட வேண்டும்.

## மலப் பரிசோதனைக் கிட்

பல நூறு வெள்ளி கட்டினால் வீட்டுக்கு ஒரு குழாய் வரும். மலத்தில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால், மரபணு வரிசையைப் படித்து வண்ண வண்ண வட்டப் படங்களோடு அறிக்கை வரும். "பல்வகைமை மதிப்பெண்", "நல்ல பாக்டீரியா குறைவு" என்றெல்லாம் இருக்கும். சில அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் கேப்சூலும் இருக்கும்.

என் கேள்வி ஒன்றுதான்: குறைவு என்றால் யாரோடு ஒப்பிட்டுக் குறைவு? உலகில் பொதுவில் கிடைக்கும் மனித நுண்ணுயிர்த் தரவுகளில், எந்த நாடு என்று தெரிந்தவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு மோனாஷ் பல்கலைக்கழக மலேசியாவின் ஆய்வாளர்கள் ஜொகூர் சிகாமட்டில் செய்த ஆய்வு இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜக்குன் என்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் ஆகியோர் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் அவர்களின் குடல் பாக்டீரியா இனத்துக்கு இனம் தெளிவாக வேறுபட்டது என்று 2021-இல் எழுதினார்கள். அப்படியிருக்க, செந்தூல் தமிழ்க் குடும்பத்துக்கு எது இயல்பான அளவு என்று யார் சொல்வது?

பல்வகைமை மதிப்பெண்ணை மட்டும் நம்புவதும் சரியில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2014 ஆய்வில், குடல்புழு இருந்த ஓராங் அஸ்லி மக்களின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகமாக இருந்தன. குடல் ஆராய்ச்சிக்கு அது அருமையான கண்டுபிடிப்பு. அதற்காகப் புழு வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், மலம் இறுகியிருந்ததா, இளகியிருந்ததா என்பதே முடிவைக் கணிசமாக மாற்றும். முந்தின வாரம் வயிற்றுப்போக்கு என்றால் அறிக்கையும் வேறாக இருக்கும்.

எந்த அறிக்கை வந்தாலும் கடைசியில் "நார்ச்சத்து கூட்டுங்கள், நொதித்த உணவு சேருங்கள்" என்றுதான் சொல்லும். அதை இந்தப் பணம் கட்டாமலே செய்யலாம். ஆய்வில் பங்கெடுக்க ஆசை, காசு ஒரு பொருட்டில்லை என்றால் செய்யுங்கள். சிகிச்சை முடிவெடுக்க மட்டும் வேண்டாம்.

இன்னொருவர் மலத்திலிருந்து பாக்டீரியாவை மாற்றும் சிகிச்சை பற்றியும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றுக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. 2013 நெதர்லாந்து ஆய்வில் முதல் முறையிலேயே 81 விழுக்காட்டினர் குணமானார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 31 விழுக்காடுதான். ஆனால் 2019-இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை வழியாக மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றி ஒருவர் இறந்தார். முழுக்க மருத்துவமனை விவகாரம் இது. மற்ற நான்கோடு வைத்து ஒப்பிடவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | கேப்சூல் | குட்டி பாட்டில் | தயிர், மோர், நார்ச்சத்து | மலக் கிட் |
|---|---|---|---|---|
| ஆதாரம் | சில ரகம், சில கோளாறு மட்டும் வலு | மிதம் | நார்ச்சத்துக்கு மிக வலு, நொதித்ததற்கு நம்பிக்கை தரும் தொடக்கம் | சிகிச்சைக்கு உதவும் அளவுக்கு இல்லை |
| உயிர் தங்குமா | சேமிப்பைப் பொறுத்தது | குளிரில் இருந்தால் தங்கும் | சமைக்காததில் மட்டும் | பொருந்தாது |
| மறைவான செலவு | ஆண்டுச் செலவு, ஜெலட்டின் உறை | சர்க்கரை | முதல் சில வாரம் வாயு | வீண் கவலை, கூடவே விற்கும் கேப்சூல் |
| யார் தவிர்க்க | எதிர்ப்புச் சக்தி குறைந்தோர், குறைமாதக் குழந்தை | நீரிழிவுக்காரர் அளவோடு | சிறுநீரக நோயாளி கேட்டுவிட்டு | நோய் அறிகுறி உள்ள எவரும் முதலில் டாக்டரிடம் |

## உங்கள் நிலைமைக்கு எது

பிள்ளைக்கு ஆண்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போன தடவை வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டது என்றால், ரகம் தெளிவாகப் போட்ட கேப்சூலையோ சாஷேயையோ மருந்தோடு சேர்த்தே தொடங்குங்கள். மருந்து முடிந்ததும் நிறுத்திவிட்டு மோருக்கும் சுண்டலுக்கும் வாருங்கள்.

மருந்து முடிந்து வயிறு மந்தமாக மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை என்றால் உணவு போதும். சில வாரம் பொறுங்கள்.

மலச்சிக்கல் என்றால் முதலில் நார்ச்சத்து, தண்ணீர், நடை. பாட்டில் பானம் பிடித்தால் குடியுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

மேல்வயிற்றில் எரிச்சல், பசி வேளையில் வலி என்று மாதக்கணக்கில் இருந்தால் புரோபயாடிக் பக்கமே போக வேண்டாம். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டதற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசியாவில் அந்தத் தொற்று இந்தியர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு என்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீ உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கிறார்கள். மூச்சுப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். தொற்று இருந்தால் டாக்டர் சொன்னபடி ஆண்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து எடுத்து முழுதாக முடிக்க வேண்டும். இதில் குடல் பாக்டீரியா பாவம் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி ஒரு காரணம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் மலப் பழக்கம் திடீரென்று மாறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக டாக்டரிடம் போங்கள். அறிகுறி எதுவுமில்லாமல் ஐம்பதைத் தாண்டியவர்கள் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பல நூறு வெள்ளிக் கிட்டுக்கும் இதற்கும் தேவை ஒரு துளி மலம்தான். ரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோபிக்கு அனுப்புவார்கள்.